நாற்பது நொடி

தடைக்காலம்.
தெற்குவாடியில் எங்கள் ஐஸ் கம்பெனி
வாயை மூடி முப்பது நாளாகிறது.
அமோனியா வாடைகூட அடங்கிவிட்டது.
கச்சான் மட்டும் கூரைத் தகரத்தைத் தட்டுகிறது.

இரவு பத்தரைக்குப் போன் மினுங்குகிறது:
நாற்பது நொடிக் குரல்பதிவு,
குரல் இல்லாமல்.

ஒரு இயந்திரம் இருமுகிறது.
நான் பொருத்திய இயந்திரம்.
அதன் பின்னால் ஒரு சேவல்.
அங்கே நாளை விடிந்துவிட்டது.

இரண்டு வருஷம் இருந்தேன் அந்தத் தீவில்.
நடுவில் நின்று மூச்சைப் பிடித்தால்
இரண்டு காதிலும் இரண்டு கடல்.
அவ்வளவுதான் அகலம்.

திரும்பி வந்த அன்று
பெட்டியைத் திறக்கச் சொல்லிச் சுற்றி நின்றார்கள்,
மஸ்கட் பெட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்கள்.
ரோஸ் போர்வை இல்லை. கோடாலித் தைலம் இல்லை.
ஒரு ஓலைப்பாய், ஒரு சோகி மாலை,
நான் கொண்டுபோன அதே ஸ்பேனர் செட்.
"சம்பளமே இல்லாமலா கடல் தாண்டிப் போனே?"
மாமி மகன் பெர்க்மான்ஸ்.
சாப்பாட்டுக்குக் கொடுத்தார்கள் என்றேன்.
"சாப்பாடு இங்கேயே இருந்துச்சே, அமலி."

தொண்டு என்று சொல்லிப் பார்த்தேன்.
நற்கருணை அப்பம்போல
மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது அந்தச் சொல்.
கடிக்கவும் கூடாது.

உண்மையில் முதல் மூன்று மாதம்
நான் ஒன்றும் செய்யவில்லை.
உதிரிபாகம் கப்பலில் வந்துகொண்டே இருந்தது.
தேங்காய் துருவினேன். பாரை கீறி வெயிலில் போட்டேன்.
தப்பாகக் கீறியதைச் சிறுமிகள் எடுத்துத் திருத்தினார்கள்.
பவுரோவின் வலையில் ஐம்பது விழுந்தால்
பத்து அவன் வீட்டுக்கு.
மற்றது இருட்டுமுன் கூரை கூரையாகப் போகும்.
யாரும் எழுதி வைக்கவில்லை.
நாளைக்கு அழுகும் பொருளுக்கு
என்ன கணக்கு?

பிறகு உதிரிபாகம் வந்தது.

முதல் பாளம் இறங்கிய அன்று ஆடினார்கள்,
என் தலையில் பூவளையம் வைத்தார்கள்.
பவுரோ ஒரு துண்டைச் சட்டைப்பையில் போட்டு
மனைவிக்குக் காட்ட ஓடினான்.
நனைந்த பையைத்தான் காட்டினான்.
அதற்கே அவள் சிரித்தாள்.

ஆறாம் மாதம் பெட்டிக்குப் பூட்டு வந்தது.
நாற்பது மீன் ஐஸில் படுத்து
கப்பலுக்குக் காத்துக் கிடந்தது.
பக்கத்து வீட்டில்
தகர டின் மீன் திறக்கிற சத்தம்.
பூட்டை நான் விற்கவில்லை.
பூட்டும்படியான ஒன்றைச் செய்து கொடுத்தேன்.

நாற்பது நொடியை மறுபடி போடுகிறேன்.
பெல்ட் தளர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.
இரண்டு போல்ட், பதினேழாம் நம்பர் ஸ்பேனர்.
சும்மா இருந்தால் ஒரு வாரத்தில் அறுந்துவிடும்.
சும்மா இருப்பதும்
ஒரு தொண்டு இல்லையா?

பதினொன்றாம் தடவை கேட்கையில்
சேவலுக்கு அடியில் ஒரு பெண்குரல் சிக்குகிறது.
நர்ஸ் தபீத்தா.
வியாழக்கிழமைகளில் அடுத்த திட்டுக்குப்
படகில் தடுப்பூசி கொண்டுபோகிறவள்.
அவள் பெட்டிக்கு இந்த ஐஸ்தான்.
இங்கே இன்னும் புதன் முடியவில்லை.

பெர்க்மான்ஸை எழுப்பிச் சாவி வாங்குகிறேன்.
"இந்நேரத்துல கம்பெனில என்ன?"
"ஒரு போட்டோ."
ஓய்ந்து கிடக்கும் எங்கள் கம்ப்ரசரின் பெல்ட்டைக்
கட்டைவிரலால் அழுத்தி,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி படமெடுக்கிறேன்:
இவ்வளவுதான் இறங்க வேண்டும், இதற்கு மேல் வேண்டாம்.
அனுப்பிவிட்டேன்.

பூட்டைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன்.
அழித்தேன்.

ஒரு மணிக்கு, பதினெட்டு நொடி.
இயந்திரம் சீராக ஓடுகிறது.
சேவல் இல்லை, தபீத்தா இல்லை.
போனைக் காதோடு அழுத்தித் தேடுகிறேன்,
எங்கேயாவது ஒரு டின் திறக்கிறதா என்று.

இயந்திரம் அவ்வளவு நன்றாக ஓடுகிறது,
வேறெதுவும் கேட்கவில்லை.