பதினெட்டு அடி

துணிக்குப் பின்னாலிருந்து படம் விழ
பதினெட்டு அடி வேண்டும்.
குந்துகாலில் மேடை போட்டவர்கள்
பதினோரு அடி விட்டிருந்தார்கள்.
அதற்கப்புறம் கடல்.

மேடையை முன்னே தள்ளச் சொன்னேன்.
"சனம் உக்கார்ற எடம் அது.
ஒங்க பெட்டிய வேணா தள்ளி வையுங்க" என்றாள் கித்தேரி.
எங்கே?
கரையேறிக் கிடந்த வள்ளத்தைக் காட்டினாள்.

தடைக்காலம். பாசிக்கும் போகவில்லை.
விரலில் துணி சுற்ற வேண்டியிராத கைகள்
ஒன்பது வேட்டியை மூட்டித் திரை தைத்திருந்தன.
சவுக்குக் கம்பில் அவர்கள் இழுத்துக் கட்டிய முடிச்சை
அவிழ்த்துப் பார்க்க முயன்று தோற்றேன்.
தட்டினால் தப்பு மாதிரி அதிர்ந்தது திரை.

கேணிக்கரையில் கடை எனக்கு.
கல்யாண மண்டபங்களில்
மாப்பிள்ளையின் மொட்டைத்தலைப் படம் காட்டிப் பிழைக்கிறவன்.
அங்கே சுவர் இருக்கும், படம் விழும், அவ்வளவுதான்.
துணி அப்படியில்லை.
வெளிச்சத்தில் பாதியைத் தானே வைத்துக்கொள்ளும்.
நனைத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்றேன்.
நல்ல தண்ணி குடம் பதினஞ்சு ரூபாய்.
கடலையே அள்ளி வீசினார்கள்.

ஒத்திகையில்
படத்தை இடவலம் மாற்ற மறந்துவிட்டேன்.
எழுத்தை ஒருவரும் கவனிக்கவில்லை.
"குருசடத் தீவு எப்பய்யா கெழக்க போச்சு?"
மணலில் படுத்தபடி கேட்டான் பெர்க்மான்ஸ்.
ஒரு பொத்தானில் தீவை மேற்கே வைத்தேன்.

விளக்கின் கண்தான் அடங்கவில்லை.
ராத்திரிக் காட்சியின் நடுவே
துணியைத் துளைத்துக்கொண்டு ஒரு சூரியன்.
அதை மறைக்க
வனத்துறை அதிகாரி வேஷம் கட்டிய லூர்தியாளை
அங்கேயே நிற்க வைத்தோம்.
பாசி மூட்டைகளைப் பிடுங்குகிற அதிகாரி
நாடகம் முழுக்க அசையாமல் நின்றார்,
தலையைச் சுற்றிப் புனிதரைப் போல ஒளிவட்டம்.
சனம் விழுந்து விழுந்து சிரித்தது.
நான் செய்த பிழைகளில்
அதற்கு மட்டும் கைதட்டல்.

எட்டு மணிக்குக் காற்று ஏறியது.
வயிறு தள்ளிய திரை
கம்பைப் பிடுங்கப் பார்த்தது.
இன்னாசி கத்தியெடுத்து
பிறை பிறையாய் ஏழு கீறல் போட்டான்.
அந்தப் பக்கம் வெள்ளி மீன்களாய்த் துடித்திருக்கும்.
இந்தப் பக்கம் எனக்கு
ஒரு கீறலில் ஒரு காது,
இன்னொன்றில் மூக்குத்தி, கடலை மெல்லும் வாய்.

பிறகு பெருக்கு.

மணலில் பதிந்திருந்த வள்ளம்
அடி கழன்று மெல்ல மிதந்தது.
ஜெனரேட்டர் வயரைத் தோளில் தாங்கி
முழங்கால் தண்ணீரில் நின்ற பையன்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான்.
வள்ளத்தோடு நான், என்னோடு பெட்டி,
பெட்டியோடு துணியில் இருந்த கடல்
ஏறியது, இறங்கியது.

நிறுத்தவா என்று கையைத் தூக்கினேன்.
யார் பார்ப்பது?
மேடையில் ஆறு நிழல்களும்
கால் மாற்றி
உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்தன.
ஒத்திகையில் இல்லாதது. யாரும் சொல்லவுமில்லை.
கீறலில் கண்ணை வைத்தேன்.
மூக்குத்தியும் சாய்ந்திருந்தது.

அவிழ்த்தபோது
உப்புக் காய்ந்து அப்பளமாய் நின்றது திரை;
மடிக்க வரவில்லை.
"எப்புடி இருந்துச்சு?" என்றாள் கித்தேரி.
"தெரியல. பின்னாடியில்ல இருந்தேன்."
"நாங்க மட்டும்?
படம் ஓடுனது எங்க முதுகுக்குப் பின்னால."

வள்ள வாடகை இருநூறைக் கழித்துக்கொண்டு
மீதியை எண்ணித் தந்தாள்.
நோட்டெல்லாம் ஈரம்.