நேற்று, காலை நாலு மணியிலிருந்து

நாலு மணிக்கு என்ன செஞ்சீங்க என்று கேட்டால்
தூங்கினேன் என்பார்கள்.
நாலரைக்கு?
அதுக்குள்ள தண்ணி வந்துருச்சே.

அரைமணிக்கு ஒரு கட்டம்,
ஓர் ஆளுக்கு நாற்பத்தெட்டு.
சார்ஜ் பாதி தீர்ந்த டேப்லெட்டோடு
சிவதாபுரத்தில் எனக்கு இது பதினோராவது வீடு.

பத்தாவது வீட்டில் கந்தாயியின் புருஷன்,
ஜங்ஷனில் சரக்கு இறக்குகிறவர்,
‘வேலை’ என்ற ஒரே சொல்லால்
இருபது கட்டத்தை அடைத்துவிட்டுச்
சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.
எனக்கும் அது சௌகரியம்தான்.

சவுண்டேஸ்வரி அப்படி விடவில்லை.
பட்டறையிலிருந்து வந்த கொலுசுக் கூடையைக்
காலிடுக்கில் வைத்துக்கொண்டு
குறடால் சலங்கை மாட்டியபடியே சொன்னாள்:
“ஆறுலருந்து ஆறரை, புளி கரைச்சேன்.
அப்பவே சின்னவன வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னேன்.
அப்பவே கேஸ்காரனுக்குப் போன் பண்ணேன்.
இதுல எதைங்க எழுதுவீங்க?”

மூன்று வரைக்கும் எழுதலாம்.
நாலாவதாக ஒரு காது
தெருமுனைப் பால்வண்டி ஹாரனில் இருந்ததாம்.
அதற்கு இடமில்லை.

இப்படியே வந்து வந்து
மதியம் ஒன்றரையில் குறடு நின்றது.

“ஒன்றரைலருந்து மூணு வரைக்கும் பஸ்ல இருந்தேன்.”
எங்கே போனீங்க?
“பழைய பஸ் ஸ்டாண்டு.”
எதுக்கு?

“எதுக்குமில்லீங்க.
சித்தர்கோயில் பக்கமிருந்து காலியா வந்துச்சு,
ஜன்னல் சீட்டு இருந்துச்சு, ஏறிட்டேன்.
பொம்பளைங்களுக்குத்தான் காசில்லையே.
ஐந்து ரோட்டுப் பாலத்துமேல ஏறுறப்ப
ஏற்காட்டு மலை முழுசாத் தெரிஞ்சுதுங்க,
உச்சியில மட்டும் மழை.
ஸ்டாண்டுல எல்லாரும் எறங்குனாங்க.
நான் எறங்கல.
கண்டக்டர் ஒரு மாதிரி பாத்தாரு.
அப்பறம் திரும்பி வர்றதுக்கும்
ஒரு சீட்டுக் கிழிச்சுக் குடுத்தாரு.”

பயணம் என்று அழுத்தினால்
நோக்கம் என்ன என்று சிவப்பில் கேட்கிறது டேப்லெட்.
வேலைக்கு. கடைக்கு. கோயிலுக்கு.
நோயாளியைப் பார்க்க. துக்கத்துக்கு.
ஏதாவது ஒன்றைச் சொல்லாமல்
அடுத்த பக்கம் திறக்காது.

“ஆஸ்பத்திரின்னு போடுங்க.
வீட்ல அப்படித்தான் சொல்லியிருக்கேன்,
பல்லு வலின்னு.”

போட்டேன்.
மூன்று கட்டமும் பல்வலியாயின.

அந்த ஒன்றரை மணிக்கான சலங்கையை
ராத்திரி சீரியலோடு சேர்த்து
பத்தரை வரைக்கும் மாட்டினாளாம்.
அதை ஒழுங்காக எழுதிக்கொண்டேன்.

இப்படி எத்தனை தடவை போயிருக்கீங்க?
படிவத்தில் இல்லாத கேள்வி, வாய் தவறி வந்துவிட்டது.
சலங்கை டப்பாவைத் திறந்தாள்.
மணிகளுக்கு அடியில்
நாலாக மடித்த பஸ் சீட்டுகள்.
நான் எண்ணவில்லை,
எண்ணத்தான் சம்பளம் என்றாலும்.

டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்,
“நேத்து ரெண்டு மணிக்கு
நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

யோசித்துப் பார்த்தேன்.
நேற்று இரண்டு மணிக்கு நான்
பனங்காட்டில் யாரோ ஒருவரிடம்
முந்தாநாள் இரண்டு மணியைக்
கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தாள்.
அத்தனை பல்லிலும்
ஒரு சொத்தை இல்லை.