வாத்து எழும் வரை

வண்டி கொதித்தது. இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான்.
பிளாஞ்சிசூஸ் போகும் மலைச்சாலை,
மூங்கில் குனிந்து தலையில் இடிக்கும் வளைவு.
துணி சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்,
ஆவி முகத்தில் அறைந்தது.

பின்சீட்டில் எதல்பர்ட் குவாமினா.
அரிமாவில் ஏறியதிலிருந்து வாய் மூடவில்லை.
டிரினிடாடு முழுக்கக் கேட்டுச் சலித்த பேச்சு:
ஐம்பதாம் வருடம், கார்னிவலுக்கு முந்தின வாரம்,
எண்ணெய்ப் பீப்பாயின் அடியைத் தட்டிக் குழித்து
அவரே செய்த டிரம்.
"அத்தனை பேரும் பதின்மூன்று சுரத்தோடு
அல்லாடிக்கொண்டிருந்தான்.
என்னுடையதில் பதினான்கு."
போலீஸ் தடியோடு வந்தது. ஓடினார்.
பாலத்தடியில் மெதுவாய் ஏறிய லாரியில்,
வெற்றுக் கோகோ சாக்குகளின் மேல்
அதை வீசினார்,
தீப்பிடித்த வீட்டிலிருந்து குழந்தையை வீசுவதுபோல.
லாரி நிற்கவில்லை.
நம்பர்?
"ஓடுகிறவன் நம்பர் பார்ப்பானா?"

நாற்பத்தெட்டு வருடமாய் ரம் கடையில்
அவர் தலை தெரிந்ததும் எவனாவது
பத்து விரலையும் விரிப்பான்,
மீதி நாலுக்குப் பக்கத்தில் இருப்பவன் கையை
இரவல் வாங்குவான்.
கடை குலுங்கும்.
நானும் கை கொடுத்திருக்கிறேன்.

தண்ணீர் கேட்டு நுழைந்தது இக்னாசியா குவேராவின் வீடு.
பெயிண்ட் டப்பாவில் மொண்டு கொடுத்தாள்.
கிழவர் சமையலறைக்குப் பின்னால் ஒதுங்கப் போனார்,
போனவர் போனவர்தான்.
நான் இரண்டு டப்பா ஊற்றி முடித்துத் தேடிப் போனால்
மண்டியிட்டிருக்கிறார்.
எதிரே ஒரு வாத்து,
சிவந்த பரு முகம், சீறுகிற ஜாதி,
அடைகாக்கிறது.
வைக்கோலுக்குக் கீழே துரு விளிம்பு.
விளிம்பில் நீலப் பெயிண்டில் பாதி நங்கூரம்.

"இதுவா? நான் கல்யாணமாகி வந்தபோதே கிடந்தது.
சிமெண்டு குழைத்தோம், பன்றிக்குக் கஞ்சி ஊற்றினோம்.
இப்போது இவளுடையது."
"வீட்டில் லாரி இருந்ததா?"
"மாமனாரிடம் இருந்தது. ஏன்?"
ஏன் என்று அவர் சொல்லவில்லை.
பேசியே பிழைத்த மனிதர்!

கையை வாத்தின் வயிற்றுக்கடியில் விட்டார்.
கொத்தியது.
எடுக்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி
ஒவ்வொரு குழியாய் எண்ணினார்.
ஒன்பதில் இரண்டாம் கொத்து.
பன்னிரண்டில் ஒரு முட்டை குறுக்கே.
"கொஞ்சம் நகர்த்தினால்..."
"முட்டையைத் தொட்டால் நான் கடிப்பேன்," என்றாள் இக்னாசியா.
சுற்றிக்கொண்டு போனார்.
பதின்மூன்று.
அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் அவர் தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

விளிம்போரம், இரண்டு பெரிய சுரங்களுக்கு நடுவே
இடம் பிடுங்கி உட்கார்ந்த ஒன்று,
கட்டைவிரல் அகலம்.
சைக்கிள் ஸ்பானரால் அடித்தாராம்.
நகத்தால் சுண்டினார்.

முதலில் கேட்டது வாத்து.
கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தது, சீறுவதை விட்டது.
அடுத்து இக்னாசியா, கையில் டப்பாவோடு.
எனக்கு?
சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ண மாட்டேன்.
ஆறுகிற எஞ்சின் டிக் டிக்கென்றது,
அதற்குள்ளே எங்கோ மெலிசாய் ஏதோ இருந்தது.

பையிலிருந்ததை எல்லாம் எடுத்து நீட்டினார்,
சில்லறை உட்பட.
"பதினோரு நாள் கழித்து வா," என்றாள்.
"குஞ்சு இறங்கட்டும். காசு வேண்டாம்,
இவளுக்கு வேறொரு தட்டு கொண்டு வா."

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்தார்.
ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு
அரிமா வரை ஒரு வார்த்தை இல்லை.
எனக்குத்தான் பேச்சில்லாமல் தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை ரம் கடை.
வழக்கம்போல எவனோ ஆரம்பித்தான்.
நான் எழுந்து பத்து விரலையும் விரித்தேன்.
போதவில்லை.
பக்கத்திலிருந்து எதல்பர்ட் குவாமினா
தன் இடது கையை நீட்டினார்,
கட்டைவிரலை மடக்கி.
நாலு விரல்.
ஒன்றில் கட்டு.

சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்,
இன்னும் ஏழு நாள் இருக்கிறது.