மயிரிழை

பஞ்சிகாவத்தையில் ஞாயிறு.
கியர்பெட்டிக் கடைகளின் இழுத்துச் சாத்திய கதவுகள் முன்
ஜவ்ஸி நானா நீலத் தறப்பாளை விரித்திருக்கிறார்.
தலையில்லாத தண்ணிக் குழாய்கள், கமரா இல்லாத தோலுறை,
நடுவே சவரக்கத்திகள் ஒன்பது.

நான் சவரம் செய்வதில்லை.
யாருக்கு என்று அவர் கேட்பதை விட்டு
இரண்டு வருசம்.

முதலில் வால். முத்திரை அங்கேதான்.
ஷெஃபீல்ட் என்று ஊரை மட்டும் சொன்னால்
அனேகமாய் மூத்தது.
பக்கத்தில் இங்கிலாந்து என்றும் இருந்தால்
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறைத் தாண்டியது.
அமெரிக்கத் துறைமுகத்தில் சுங்கக்காரர்
எந்த நாடு என்று அதட்டத் தொடங்கிய பிறகு
கத்திகளும் சொல்லப் பழகிக்கொண்டன.
‘மேட் இன்’ சேர்ந்தது இன்னும் பிந்தி.
கேட்கக் கேட்க முகவரி நீளும்.
வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த ஆண்டுகளில்
என்னுடையதும் நீண்டது.

பிறகு முதுகு.
கல்லில் வாயும் முதுகும் சேர்ந்துதான் தேயும்.
முதுகு தட்டையாய் அகன்று கிடந்தால்
யாரோ அவசரக்காரன் அரைத்துத் தள்ளியிருக்கிறான்.
வாய் நடுவில் உள்வாங்கினால் அழுமூஞ்சி, வேண்டாம்.
வெளியே வளைந்தால் சிரிப்பு, பரவாயில்லை.
மேல்துரு துடைத்தால் போகும்.
வாயோரக் கறுப்புக் குழி பல்லுச்சொத்தை,
கல் பட்டதும் உதிரும்.

“பிடி தந்தம் மகள். அசல்.”
கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தேன்.
கற்பூரம்.
பழைய செலுலோயிட்டை எழுப்பினால் இதுதான் மணம்.
அது அழுகினால் அலகையும் கூட்டிக்கொண்டு போகும்,
கழற்றி வேறாய் வைக்கவேணும்.
“கழுதைக்குத் தெரியாதாம் நானா, எனக்குத் தெரியுது.”
பல் தெரியச் சிரித்து
அறுநூறு குறைத்தார்.

அப்போது ஒரு பொடியன்,
புதுத்தாடி, ஹெல்மெட் முழங்கையில்,
ஒன்பதிலும் அழகானதை எடுத்தான்.
சொலிங்கன். கடதாசி மெல்லியது. முகம் பார்க்கலாம்.
நான் முதலிலேயே பார்த்து வைத்துவிட்ட கத்தி:
அந்தப் பளபளப்பு போன வாரத்தது,
மெருகுச் சக்கரத்தில் எழுத்துகளின் மூலைகள் கரைந்திருந்தன.
காதோடு பிடித்து நகத்தால் சுண்டினேன்.
பஸ் ஹோர்னுக்கு நடுவிலும் பாடவேண்டியது
டொக் என்றது.
வெயிலில் சாய்த்தால், வாயிலிருந்து மேலே
ஒரு மயிரிழை வெடிப்பு.
மயிர் வெட்டுகிற சாமானில்.

“அக்கே, ஹொந்தத?”

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
பதினாறு வருசம்
எலும்பில் இழை தெரிந்த கணமே
முகத்தைச் சாத்தப் பழகியவள்.
மிஸ், உடைஞ்சிட்டுதா?
டொக்டர் சொல்லுவார்.
மிஸ், சும்மா சொல்லுங்கோ.
டொக்டர் சொல்லுவார்.
படத்தை உறையில் போட்டு நீட்டுவேன்.
அதற்கு மேல் பேச எனக்கு அனுமதியில்லை.

இங்கே டொக்டர் இல்லை.
நானா தறப்பாளின் ஒரு சுருக்கத்தை
நீவிக்கொண்டே இருந்தார்.

வாயில் வந்தது அவனுடைய மொழி.
“பெலிலா.”

அவன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒன்றும் தெரியவில்லை அவனுக்கு.
ஆனாலும் வைத்துவிட்டு
ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போனான்.
நன்றி சொன்னதாக ஞாபகமில்லை.

“உங்கட எவ்வளவு சொன்னன்?” என்றார் நானா.
அறுநூறு திரும்ப ஏறியிருந்தது.
எண்ணிக் கொடுத்தேன்.
பழைய லொத்தர்ப் பக்கத்தில் சுற்றித் தந்தார்.
சொலிங்கனை எடுத்து
முன்வரிசையிலேயே வைத்தார்.

மருதானைப் பாலம்வரை நடந்தேன்,
கட்டைவிரலில் இன்னும் கற்பூரம்.
காலை எட்டு மணிக்கு
யாராவது மணிக்கட்டை நீட்டிக்கொண்டு வருவார்கள்.
டொக்டர் சொல்லுவார்.