நூற்றுப் பதினெட்டு

பெட்டியின் மேல் நூற்றிருபது என்று போட்டிருந்தது.
என் பைக்குக்கு நூற்றுப் பதினெட்டு போதும்.
இரண்டு கண்ணியை வெட்டி எறிய வேண்டும்,
அதற்கு முன் எண்ண வேண்டும்.
எண்பதைச் சொல்ல எங்கள் ஜார்ஜிய மொழியில்
நான்கு இருபது என்போம்.
நான்கு இருபதும் பதினேழும் வரை வந்திருந்தேன்,
மூன்றாம் மாடியிலிருந்து நுக்சார் குனிந்து கேட்டார்:
"மக்வாலா, எத்தனை வந்தது?"
மறுபடி ஒன்றிலிருந்து.

குத்தாயிசி. ஞாயிறு. மழை விட்ட மாலை.
குடியிருப்பின் முற்றத்தில்
இரண்டு செங்கல்லும் ஒரு பீர்க் கூடையும்
பின்சக்கரத்தை நான்கு விரற்கடை தூக்கிப் பிடித்திருந்தன.
ஆக்சில் நட் அசைய மறுத்தது.
ஸ்பானரின் மேல் ஏறி நின்றேன்.
எழுபத்தாறு கிலோ.
இந்த உடம்பை இன்றுதான் மெச்சிக்கொண்டேன்.

பழைய கிளிப் குறட்டில் இரண்டாய் முறிந்தது.
போகட்டும், புதியது ஒன்று உறையில் இருக்கிறது.
பழைய செயினின் வாலோடு
புதியதன் தலையைக் கம்பியால் முடிந்து
இழுத்தேன்.
முன்னே அழுக்கு போனது,
பின்னே பளபளப்பு போனது,
மூடிக்குள் நுழைந்து, என் கண்ணுக்குப் படாத
சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றி
அந்தப் பக்கம் முதலில் கம்பி எட்டிப் பார்த்தது.
மேலே யாரோ கைதட்டினார்கள்.

கடைசி வேலை கிளிப்.
மூடிய தலை வண்டி போகும் திசையில்,
பிளந்த வால் பின்னால்.
மீன் நீந்துகிறது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.
குறட்டால் மெல்ல அழுத்தினேன்.
மீன் துள்ளியது.

எங்கோ 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

புல்லில் தேடினேன். செங்கல்லுக்கடியில் தேடினேன்.
இருட்டிக்கொண்டு வந்தது.
நுக்சார் டார்ச் அடித்தார், என் முகத்தில்.
இரண்டாம் மாடி சியாலா
பிரிட்ஜ் கதவிலிருந்த பத்தூமிக் கடற்கரைக் காந்தத்தை
நூலில் கட்டி இறக்கிவிட்டாள்.
நாயை உலாத்துகிறவள் போல
அதை இழுத்துக்கொண்டு முற்றம் முழுக்க நடந்தேன்.
பாட்டில் மூடி பதினொன்று,
வளைந்த ஆணி, கொண்டை ஊசி,
துருவேறிய குட்டிச் சாவி ஒன்று.

சாவியைப் பார்த்ததும் சியாலா இறங்கி வந்தாள்,
வீட்டுச் செருப்போடு, ஈரத்தில்.
"என் தபால் பெட்டியுடையது" என்றாள்.
ஒன்பது வருடமாய் அவளுடைய கடிதங்களை
எங்கே போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.
யார் எழுதியிருப்பார்கள் என்றும்.

கெட்ட வார்த்தை ஒன்று சொல்லலாமென உட்கார்ந்தேன்.
கால்சட்டையின் மடிப்புக்குள் ஏதோ குத்தியது.
அதுதான்.

பிறகு எல்லாம் சட்டென்று முடிந்தது:
இரண்டு விரல் தொய்வு, இறுகிய நட்,
கூடையை உதைத்துத் தள்ளி
விளக்குக் கம்பத்தைச் சுற்றி மூன்று வட்டம்.
குளிர்காலம் முழுக்க என்னோடு சண்டை போட்ட
அந்தக் கடகட இல்லை.
நூற்றுப் பதினெட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தன.

நாளை ஏழு மணிக்கு ஸ்கால்டுபோ குளியல் இல்லத்தில்
என் கைகளுக்காக முதல் முதுகு காத்திருக்கும்.
மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறதே என்பார்கள்.
மூலிகைத் தைலம் என்பேன்.

பழைய செயினை வாளியில் சுருட்டிப் போட்டுவிட்டு
வாசலுக்கு வந்தால்
சியாலா இன்னும் தபால் பெட்டிகளுக்கு முன்னால்.
சாவி பூட்டுக்குள் பாதி போயிருந்தது,
அவள் விரல் அதன் மேல்.
திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:
"மக்வாலா, அந்த எண்ணெயில் ஒரு சொட்டு மிச்சமிருக்கிறதா?"