ஓட்டைக் கணக்கு

கயத்தாறு ஓடுதளத்தில் எனக்கு வேலை
துப்பாக்கியிலும் இல்லை, பெட்ரோலிலும் இல்லை.
ஊசி. இரண்டு கண்டு நூல்.
மேலப்பாளையத்திலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிப்போன
தையல் மிஷின் ஒன்று.

அந்த ஏரோப்பிளேனுக்கு மேலொன்று கீழொன்றாய் ரெட்டை இறக்கை.
நடுவில் குறுக்கும் நெடுக்கும் கம்பி.
நிறுத்தி வைத்திருக்கும்போதும்
காற்று வந்தால் முனகும்.

"முப்பத்திரண்டுல பொறந்தப்போ
இத முந்த வானத்துல ஆளில்ல வே"
என்பார் பிட்டர் வேதமாணிக்கம், நாசரேத்துக்காரர்.
"சுடத்தான் செஞ்சாங்க. சுடுததுக்கு ஆள் கெடைக்கல.
சண்ட வந்து சேருததுக்குள்ள
ஒத்த எறக்கக்காரன் வந்துட்டான்,
ஒடம்பெல்லாம் தகரம்."

இதன் உடம்பு துணி.
விரலால் தட்டினேன், தப்ஸ் போல அதிர்ந்தது.
பூசியிருந்த வார்னிஷில்
பூவன்பழம் கனிந்து கறுத்த வாசனை.

இப்போது இதற்கு வேறு உத்தியோகம்.
வாலில் வடம் கட்டி
பதினைந்து முழத் துணிக்குழாய் ஒன்றைக்
கடம்பூர்ப் பக்கம் இழுத்துப் போகும்.
பிந்திப் பிறந்தவை துரத்தி வந்து
குழாயைச் சுடும்.
ஆளுக்கொரு சாயம், குண்டு நுனியில்.

சாயங்காலம் குழாய் என் மடிக்கு வரும்.
ஓட்டை விளிம்பில் சாயம் பார்த்து எண்ண வேண்டும்:
சிவப்பு நாலு.
மஞ்சள் ஒன்று, அதுவும் ஓரத்தில்.
நீலம் பதினொன்று.
நோட்டில் எழுதிவிட்டுத் தைப்பேன்.
விடிந்ததும் அதே குழாய் மறுபடி பறக்கும்.
ஓட்டைக்குக் காலணா கூலி.
குறி தப்பாத பையன்களுக்காக
துவா கேட்டதுண்டு, மறைப்பானேன்.

ஆனி மாதம், காற்று கண் திறக்கவிடாத ஒருநாள்
பிந்தி வந்து இறங்கியது, ஒரு பக்கம் சாய்ந்து.
பைலட் கண்ணாடியைக் கழற்றாமலே
நடந்து போய்விட்டான்.
வாலுக்கு அடியில், துணியில், ஓர் ஓட்டை.
சுற்றிலும் நீலம்.

வேதமாணிக்கம் பார்த்தார். நான் பார்த்தேன்.
அவர் பீடியைப் பற்றவைக்காமல்
பையில் போட்டுக்கொண்டார்.

கிழிந்த குழாய் ஒன்றிலிருந்து
உள்ளங்கையளவு வெட்டி
ஓட்டையின்மேல் வைத்துத் தைத்தேன்.
வார்னிஷ் பூசியதும் தொளதொளத்துக் கிடந்தது,
காயக் காயத் தானே இறுகிக்கொண்டது.

லாந்தர் வெளிச்சத்தில் நோட்டை விரித்தேன்.
சிவப்பு இரண்டு. மஞ்சள் இல்லை.
நீலம் ஏழு என்றெழுதிக் கை நின்றது.
எட்டென்றால் அவனுக்குப் பெயர்,
எனக்குக் காலணா.

ஏழாகவே விட்டேன்.
அது ஒன்றை மட்டும்
சும்மா தைத்தேன்.