நிலம் இறுகும் மாதம்

உலான்பாத்தரில் நான்காம் மாடி,
வெப்பக்குழாய் முனகும் அறை.
ஆறு பேர், ஒரு கெண்டி உப்புத் தேநீர்,
இன்னும் பிறக்காத ஒரு முதுகலைப் படிப்பு.
குறிப்பெடுப்பது என் வேலை.

பெயருக்கே நாற்பது நிமிடம்.
கட்டுமான மேலாண்மை, அது போதும் என்றார் லுவ்சன்தோர்ஜ்.
முன்னால் 'நிலைத்த' என்று ஒரு சொல் இருந்தால்
நிதி தருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்றார் துறைத்தலைவர்.
சேர்த்தோம்.
செலவுக் கணிப்புக்கு நான்கு கிரெடிட், ஒப்பந்தச் சட்டத்துக்கு மூன்று,
பாதுகாப்புக்கு இரண்டு.
இரண்டுதானா என்று யாரோ கேட்டார்.
யாரென்று நான் எழுதவில்லை.

தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர்
விதிப்படி இருந்தாக வேண்டுமே,
அதற்காக வந்திருந்தார் சேவெல்மா.
பதினாறு மாடிக் கட்டடமொன்றின் தளப்பொறுப்பாளர்.
மேசைமேல் வைத்த தலைக்கவசத்தின் விளிம்பிலிருந்து
காய்ந்த சிமெண்ட்
எங்கள் வரைவின் மீது பொடிப்பொடியாய் உதிர்ந்தது.

அதுவரை வாய் திறக்காதவர்
கால அட்டவணைக்கு வந்ததும் கேட்டார்:
'செப்டம்பரிலா தொடங்குகிறீர்கள்?'
எல்லாப் படிப்பும் செப்டம்பரில்தான் என்றோம்.

'செப்டம்பரில் நான் தூங்குவதே இல்லை.
பனி வருமுன் கூரை மூட வேண்டும்.
அக்டோபரில் கலவைக்கு வெந்நீர் ஊற்றுகிறோம்,
வார்த்த தூணுக்குக் கம்பளி போர்த்துகிறோம்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல
இரவில் இரண்டு முறை எழுந்துபோய்
தொட்டுப் பார்க்கிறோம்.
நீங்கள் தேடும் மாணவர்கள்
அப்போது என் சாரத்தின் மேல் நிற்பார்கள்.
இங்கே யார் உட்காருவார்கள்?'

வெப்பக்குழாய் ஒருமுறை இருமியது.

நவம்பர் நடுவில் நிலம் இறுகும்.
கடப்பாரை பட்டால் பொறி பறக்கும்.
நீட்டிய கையோடு கிரேன்கள் நின்றுவிடும்.
'அப்போது சொல்லிக்கொடுங்கள்,' என்றார்.
'ஏப்ரலில் ஆட்களைத் திருப்பித் தாருங்கள்.'

பதிவாளர் ஒப்பமாட்டார் என்றார் ஒருவர்.
மென்பொருளில் செப்டம்பரும் பிப்ரவரியும்தான் உண்டாம்.
லுவ்சன்தோர்ஜ் எழுந்துபோய்
ஜன்னல் உறைபனியை நகத்தால் சுரண்டினார்.
எதிரே எங்கள் புதிய நூலகம்,
மூன்றாவது குளிர்காலமாய்க் கூரையில்லாமல்.
துருத்திய கம்பிகளில் எல்லாம் பனி.
அதற்கு ஒப்புதல் தந்த குழுவில்
இந்த ஆறு பேரில் நால்வர் இருந்தார்கள்.
அன்றும் குறிப்பெடுத்தது நான்தான்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.
என் பேனாவைக் கேட்டார்.
செப்டம்பரை அடித்தார்.

'கல்வியாண்டுத் தொடக்கம், மறுபரிசீலனைக்கு'
என்று எழுதிக்கொண்டேன்.
அடுத்த கூட்டம் எப்போது என்றார் துறைத்தலைவர்.
'மே மாதம் வேண்டாம்,' என்றார் சேவெல்மா,
கவசத்தை எடுத்துக்கொண்டு
புறங்கையால் மேசையைத் துடைத்தபடி.